துடைப்பக் கட்டையும் பைஜாமா சட்டையும்

1802 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கெசிக் என்றொரு ஊர். அங்கே கிரேட்டா ஹால் என்ற வீட்டின் அடுப்படியில் ஒரு துடைப்பம் கொலையுண்டு கிடக்கிறது. குச்சிகள் தரையெங்கும் இறைந்திருக்கின்றன. கட்டையை மட்டும் காணோம். வீட்டுப் பெண்கள் போடும் கூச்சல் தெருவுக்கே கேட்கிறது.

குற்றவாளி அதற்குள் ஊரெல்லையைத் தாண்டியிருப்பார். பெயர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். வயது 29. தொழில், மகாகவி. மலையேற ஊன்றுகோல் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சுற்றிலும் மரமாக இருக்கிற ஊரில் அவர் கண்ணில் பட்டது துடைப்பம். முதுகுப் பையில் ஒரு மாற்றுச் சட்டை, கழுத்துத் துணி, இரண்டு ஜோடி காலுறை, கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் சர்க்கரை, இரவில் தலைக்குப் போட ஒரு குல்லாய், காகிதம், பேனாக்கள், ஒரு ஜெர்மன் கவிதைப் புத்தகம். இத்தனையோடு ஒன்பது நாள் மலைச் சுற்று. துணைக்கு ஆள் கிடையாது.

ஐந்தாம் நாள் ஸ்காஃபெல் உச்சியில் உட்கார்ந்துகொண்டு சாராவுக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் துடைப்பத்தைப் பறிகொடுத்த மனைவியின் பெயரும் சாராதான். ஆனால் கடிதம் போனது வேறொரு சாராவுக்கு. சாரா ஹட்சின்சன் என்ற அந்தப் பெண் மீது கவிஞருக்கு அளவில்லாத காதல். ஒரு வசதி உண்டு, தூக்கத்தில் பெயரை உளறினாலும் மாட்டிக்கொள்ள மாட்டார்.

எழுதி முடித்ததும் இறங்க வேண்டுமே. மலையிறங்க அவரிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. பாதை எங்கே என்று தேடுவதில்லை. இறங்கத் தோதாக முதலில் எது கண்ணில் படுகிறதோ அங்கேயே இறங்குவது. துடைப்பத்தைத் தேர்ந்தெடுத்த அதே முறை. அன்றைக்குக் கண்ணில் பட்டது, இப்போது பிராட் ஸ்டாண்ட் என்று சொல்கிறார்களே, அந்தப் பாறைப் படிக்கட்டு. படிக்கட்டு என்றால் ஒவ்வொரு படியும் ஆள் உயரம், சிலது அதற்கும் மேல். கையால் தொங்கிக் கீழே குதித்தார். அடுத்ததிலும் குதித்தார். நான்கைந்து தடவை குதித்த பிறகுதான் திரும்பி ஏற முடியாது என்பது உறைத்தது. கைகால் உதறல் எடுத்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மல்லாந்து படுத்து, மேகத்தைப் பார்த்து, தன்னைத் தானே பைத்தியக்காரன் என்று நினைத்துச் சிரித்தார்.

பக்கத்தில் ஒரு ஆடு செத்து அழுகிக் கிடந்தது. அதற்கும் இறங்குவதில் இதே முறைதான் போலிருக்கிறது.

அந்த ஆட்டைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு விஷயம், இந்தக் கதை முழுக்க நமக்கு வேண்டியிருக்கும். அதன் அருகே ஒரு கற்குவியல் இருந்தது. மாட்டிக்கொண்ட ஆட்டை மீட்க, கீழேயிருந்து ஏறிவந்த மேய்ப்பர் ஒருவர் கல் மேல் கல் அடுக்கி எட்டிப் பார்த்திருக்கிறார். அவருடைய பெயர் தெரியாது. என்றைக்கு வந்தார், எத்தனை நேரத்தில் ஏறினார், தெரியாது. அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. கோல்ரிட்ஜ் ஒரு பாறைப் பிளவில் பையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு நழுவிக் கீழே போய்ச் சேர்ந்தார், கடிதம் எழுதினார், இங்கிலாந்தின் முதல் பாறையேற்ற வீரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார். அவர் ஏறவே இல்லை, விழாமல் விழுந்தார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கெசிக் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் மலைகளை உள்ளூரில் ‘ஃபெல்’ என்பார்கள். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் அங்கேதான் இருக்கிறது. 978 மீட்டர். ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை என்று கிண்டல் செய்யலாம்தான். ஆனால் அங்கே மழை மேலிருந்தும் வரும், பக்கத்திலிருந்தும் வரும், சில நேரம் கீழேயிருந்தும் வரும். மூடுபனி இறங்கினால் பாதையில் இருப்பவருக்கே பாதை தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில், யாரும் கூப்பிடாமல், பரிசு கிடையாது என்று தெரிந்தே, 24 மணி நேரத்தில் எத்தனை உச்சி தொட முடியும் என்று ஓடிப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. துப்பாக்கி வெடித்துத் தொடங்கிவைக்க ஆளில்லை. மார்பில் எண் கிடையாது. வழியில் அம்புக்குறி கிடையாது. முடிவில் கட்டியிருக்கும் நாடா கிடையாது. நீங்களாகக் கிளம்பி, நீங்களாக வழி பார்த்து, நீங்களாக வந்து சேர வேண்டும். வந்த பிறகுதான் தொல்லை. யார் நம்புவார்கள்?

இந்தச் சந்தேகம் வரக்கூடாது என்பதாலோ என்னவோ, இதை முதலில் கையில் எடுத்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று சமூகம் நம்பிய வகையறா. 1864-ல் ஜூலியஸ் எலியட் என்ற பாதிரியார் வாஸ்டேல் பள்ளத்தாக்கைச் சுற்றி ஒன்பது உச்சிகளை எட்டரை மணி நேரத்தில் முடித்தார். பாதிரியார் சொன்னால் யார் மறுப்பது? ஐந்து வருடம் கழித்து அவர் ஆல்ப்ஸில், ஷ்ரெக்ஹார்ன் மலையில், கயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறி, விழுந்து இறந்தார். ஆண்டவன் மேல் இருந்த நம்பிக்கையில் கொஞ்சத்தைக் கயிற்றின் மேலும் வைத்திருக்கலாம்.

அடுத்து டாக்டர்கள் முறை. கெசிக்கில் ஆர்தர் வேக்ஃபீல்ட் என்று ஒரு மருத்துவர். 1905-ல் 22 மணி 7 நிமிடம் மலைமலையாக ஓடித் தீர்த்தார். நோயாளிக்கு ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, தான் இப்படி அலைகிற டாக்டரை ஊர் என்ன நினைத்திருக்கும்! 1922-ல் எவரெஸ்ட்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவிலும் அவர் இருந்தார். அவரை முந்தியவர் மான்செஸ்டர் பொறியாளர் யூஸ்டஸ் தாமஸ். இந்த ஆள் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆல்ப்ஸுக்குப் போய், 4000 மீட்டருக்கு மேற்பட்ட உச்சிகளையெல்லாம் ஏறி முடித்த முதல் பிரிட்டிஷ்காரர். மலையில் அடிபட்டவர்களைத் தூக்கிவர ஒரு ஸ்ட்ரெச்சரையும் வடிவமைத்தார். தாமஸ் ஸ்ட்ரெச்சர் என்றே அதற்குப் பெயர். தன்னைப் பார்த்து ஓடக் கிளம்பியவர்களை என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்த ஒரே சாதனையாளர் அவர்தான்.

பாதிரியார், டாக்டர், பொறியாளர். இவர்கள் எல்லாரும் ஏறிய மலைகளில் மேய்ப்பர்கள் தினமும் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அதை யாரும் சாதனை என்று குறிக்கவில்லை. ஆடு கிடைத்ததா என்றுதான் கேட்டார்கள்.

இப்போது கதாநாயகன் வரலாம். பாப் கிரஹாம். கெசிக்கில் விருந்தினர் விடுதி நடத்தினார். டாக்டருமில்லை, பாதிரியாருமில்லை, லாட்ஜ்காரர். ஒரு லாட்ஜ்காரர் சொல்லும் கணக்கை எத்தனை பேர் நம்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1932 ஜூன் 13. தொடங்கிய இடம் கெசிக் கடைவீதி நடுவே நிற்கும் மூட் ஹால். வெள்ளைச் சுவரும் கோபுரமுமாகப் பார்க்கக் கோயில் போலிருக்கும் பழைய சந்தைக் கட்டடம். அதன் கோபுரத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு முள். மணி முள் மட்டும்தான், நிமிட முள் கிடையாது. உலகத்தில் எத்தனையோ கட்டடம் இருக்க, 24 மணி நேரத்துக்குள் திரும்பினோமா இல்லையா என்று நிமிடக் கணக்குப் பார்க்கிற ஒரு காரியத்துக்கு, நிமிடமே தெரியாத கடிகாரத்தின் அடியைத் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள். இன்றுவரை அங்கேயிருந்துதான் ஓடுகிறார்கள். யாருக்கும் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

கிரஹாமின் உடையைச் சொல்ல வேண்டும். காலில் டென்னிஸ் ஷூ. இடுப்பில் தொளதொளவென்று நீள அரைக்கால்சட்டை. மேலே பைஜாமா சட்டை. ஆமாம், படுக்கப் போகும்போது போடுவது. இரவெல்லாம் விழித்திருக்கப் போகிற ஆள் இரவுச் சட்டையில் கிளம்பியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், அரைவேக்காட்டில் அவித்த முட்டை, பழம், மிட்டாய். இன்றைக்கு இதே ஓட்டத்துக்கு வருகிறவர்கள் பிழிந்து உறிஞ்சும் ஜெல், உப்பு மாத்திரை, இறகு எடையில் மழைச்சட்டை, காலுக்கு ஒரு மாதச் சம்பள விலையில் ஷூ, மணிக்கட்டில் செயற்கைக்கோளோடு பேசும் கடிகாரம் என்று மணப்பெண் சீர்வரிசை போல் கொண்டுவருகிறார்கள். கிரஹாம் கொண்டுவந்தது முட்டை.

ஆனால் அவர் விளையாட்டாகக் கிளம்பவில்லை. ஒவ்வொரு மலையையும் முன்கூட்டியே நடந்து பார்த்துவைத்திருந்தார். ஷூ தேய்ந்துவிடும் என்று அந்த ஒத்திகையை வெறுங்காலில் நடத்தினார் என்பது ஊர்ப்பேச்சு. காலைவிட ஷூவுக்கு மதிப்புக் கொடுத்த இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. கால் கூடவே வந்தது, ஷூ காசு கொடுத்து வாங்கியது.

ஸ்கிடாவில் ஏறினார். பிளென்காத்ரா, ஹெல்வெலின், போஃபெல், ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல், கிரேட் கேபிள் என்று போய், கடைசி மலை ராபின்சன். மற்ற மலைகளில் பலவற்றுக்கு வைக்கிங்குகள் வைத்துவிட்டுப் போன முரட்டுப் பெயர்கள். இது மட்டும் வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெயர் போல். மொத்தம் 42 உச்சிகள், சுமார் 106 கிலோமீட்டர், ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 8000 மீட்டருக்கு மேல். நண்பர்கள் பகுதி பகுதியாகக் கூட ஓடினார்கள். திரும்பி மூட் ஹாலைத் தொட்டபோது 23 மணி 39 நிமிடம் ஆகியிருந்தது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு நாலரை கிலோமீட்டர். காய்கறி வாங்கப் போகிற வேகம்தான். என்ன, அந்தக் காய்கறிக் கடைக்குப் போகும் வழியில் எவரெஸ்ட்டைக் கிட்டத்தட்ட முழுசாக ஏறி இறங்க வேண்டும்.

வயதுக்கு ஒரு மலையாகத்தான் 42 என்று ஊரில் ஒரு கதை உண்டு. இது நல்ல ஏற்பாடா என்று யோசித்துப் பார்த்தேன். உடம்பு நன்றாக இருக்கிற இருபது வயதில் இருபது மலை, முழங்கால் போன எழுபதில் எழுபது. இப்படிக் கணக்கு வைத்தவன் நண்பனாக இருக்க முடியாது. இந்த விளையாட்டை ஐந்து வயதில் ஆடி முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கிரஹாம் முடித்தார். அடுத்து யாராவது வருவார்கள் என்று ஊர் பார்த்தது. ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம். உலகப் போர் வந்து முடிந்தே போனது. யாராலும் அதை மறுபடி செய்ய முடியவில்லை. முடியாதபோது மனிதர்கள் இயல்பாகச் செய்கிற காரியத்தைச் செய்தார்கள். ‘அவர் மட்டும் செய்திருப்பார் என்று என்ன நிச்சயம்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். பைஜாமா சட்டை, முட்டை, லாட்ஜ்காரர். சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்? 28 வருடம் இப்படியே போனது. அந்த மனிதர் அதே ஊரில், அதே மலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

1960-ல் அந்தச் சந்தேகத்துக்கு முடிவு கட்டியவர் ஆலன் ஹீட்டன். லங்காஷயர் ஓட்டக்காரர். 22 மணி 18 நிமிடத்தில் 42-ஐயும் முடித்தார். ஆக, முடியக்கூடியதுதான். கிரஹாம் உயிரோடிருக்கும்போதே இது நடந்தது என்பது ஆறுதல். அவர் 1966-ல் காலமானார்.

1971-ல் ஃபிரெட் ரோஜர்சன் முயற்சியில் பாப் கிரஹாம் கிளப் பிறந்தது. அது போட்ட முக்கியமான விதி எது என்று ஊகிக்க முடிகிறதா? சாட்சி. ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒருவர் இருந்து, இவர் தொட்டார் என்று சொல்ல வேண்டும். 28 வருட அவநம்பிக்கைக்கு இப்படி ஒரு முடிவு! தனியாக ஓட வந்தவர்களுக்குக் கூட்டமாக ஓடும் கட்டாயம். அதனால் இந்த ஓட்டத்துக்கு உண்மையான பயிற்சி மலையில் நடப்பதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு மழையில் டன்மெயில் ரெய்ஸ் சாலையோரம் ஃபிளாஸ்க்கில் டீயோடு நின்று, ‘டேய், சாப்பிடு, ஷூவை மாற்று, எழுந்திரு’ என்று அதட்டக்கூடிய நண்பர்களை வருடக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டும். அவர்களுக்குப் பிறகு நீங்களும் மழையில் நிற்க வேண்டும். கல்யாண மொய் மாதிரி, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டிய கடன். இந்த மொய்க்கணக்கில் இதுவரை இரண்டாயிரம் பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். முதல் பெண் ஜீன் டாஸ், 1977-ல், 23 மணி 27 நிமிடம். கிரஹாமைவிட 12 நிமிடம் முன்னே.

பிராட் ஸ்டாண்ட் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஸ்காஃபெல் பைக்கிலிருந்து பக்கத்து ஸ்காஃபெலுக்குக் குறுக்கு வழி அதுதான். கோல்ரிட்ஜ் இறங்கியதை இவர்கள் ஏறுகிறார்கள், பாதி ராத்திரியில், பாதி தூக்கத்தில். விவரமானவர்கள் மேலே நண்பரை நிறுத்திக் கயிறு போட்டுக்கொள்கிறார்கள். அதைவிட விவரமானவர்கள் சுற்றிப் போகிறார்கள்.

சரி, கல்லடுக்கிய அந்த மேய்ப்பரைக் கோல்ரிட்ஜ் காலத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அவருக்காகப் பழிவாங்க ஒருவர் பிறந்தார் என்றே நான் நம்புகிறேன். அதே வாஸ்டேல் பள்ளத்தாக்கில், 1936-ல். ஜாஸ் நெய்லர், ஆட்டுப்பண்ணைக்காரர். சின்ன வயதிலேயே முதுகு பழுதாகி, அறுவைசிகிச்சை செய்து, வருடக்கணக்கில் இடுப்புக் கவசம் போட்டுக்கொண்டு திரிந்தவர். கட்டாய ராணுவச் சேவைக்கு உடம்பு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணுவத்துக்கு நல்ல காலம், இல்லையென்றால் அணிவகுப்பில் மற்றவர்கள் இவருக்குப் பின்னால் ஓடியே செத்திருப்பார்கள். முதல் மலைப் பந்தயத்துக்கு வேலைக்குப் போடுகிற பூட்ஸோடும், முழங்காலுக்குக் கீழே கத்தரித்த கால்சட்டையோடும் வந்து நின்றார்.

1971-ல் 24 மணி நேரத்துக்குள் 61 உச்சி. 1972-ல் 63. 1975-ல் 72. நேரம் 23 மணி 20 நிமிடம். பாதிரியாரும் டாக்டரும் பொறியாளரும் லாட்ஜ்காரரும் சேர்ந்து கட்டிய கோட்டையை, ஆடு மேய்க்கிறவர் வந்து ஒரே பகலிரவில் தாண்டிவிட்டார். அவரைப் பொறுத்தவரை, ஆடு இல்லாமல் ஓடுவதால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். 60 வயதில் 60 உச்சி ஓடினார். 70 வயதில் 70. முன்னால் நான் கிண்டல் செய்த அதே வயதுக் கணக்கு! நண்பனாக இருக்க முடியாது என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2024 ஜூனில் அவர் மறைந்தபோது வயது 88.

இந்தக் கிறுக்கு ஒரு மாவட்டத்தோடு நிற்குமா? ஸ்காட்லாந்தில் சார்லி ராம்சே 1978-ல் பென் நெவிஸ் உட்பட 24 பெரிய உச்சிகளைச் சுற்றி 23 மணி 58 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். இரண்டே நிமிடம் மிச்சம். ஷூ லேஸ் ஒருமுறை கூடுதலாக அவிழ்ந்திருந்தால் அவர் பெயரை இங்கே எழுதியிருக்க மாட்டேன். பண்ணை நடத்தும் நிக்கி ஸ்பிங்க்ஸ் என்ற அம்மையார், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2016-ல் பாப் கிரஹாம் சுற்றை முடித்துவிட்டு, வந்த வழியே மறுபடி ஒரு சுற்றுப் போனார். 45 மணி 30 நிமிடம். மறந்து எதையாவது வைத்துவிட்டு வந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்தக் கதை ஒரு சிறைச்சாலையில் தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977 ஜூனில் டென்னசி மாநிலத்தின் பிரஷி மவுன்டன் சிறையிலிருந்து தப்பித்து மலைக்குள் ஓடினான். இரண்டு நாளுக்கு மேல், சுமார் 54 மணி நேரம் கழித்து மோப்ப நாய்கள் அவனைப் பிடித்தபோது, சிறையிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான் போயிருந்தான். செய்தியைக் கேட்ட கேரி கேன்ட்ரல் என்ற ஓட்டக்காரர், அந்த நேரத்தில் நான் நூறு மைல் போயிருப்பேனே என்று ஏளனம் செய்தாராம். தப்பியோடிய கைதியின் வேகத்தைக் குறை சொல்லி ஒரு பந்தயம் தொடங்கியவர் உலகிலேயே அவர் ஒருவர்தான். 1986-ல் பார்க்லி மாரத்தான் பிறந்தது. அதில் பாதை குறிக்கப்படுவதில்லை. சாட்சிக்கு ஆள் வைக்கவில்லை, புத்தகம் வைத்தார்கள். காட்டுக்குள் அங்கங்கே பழைய புத்தகங்களை ஒளித்துவைத்து, உங்கள் எண்ணுள்ள பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். நூலகம் நடத்துகிறவர்கள் இதைப் படிக்காமலிருப்பது நல்லது. 2024-ல் ஜாஸ்மின் பாரிஸ் அதை முடித்த முதல் பெண் ஆனார். 60 மணி நேர வரம்பில் 59 மணி 58 நிமிடம் 21 விநாடி. ராம்சேயின் இரண்டு நிமிடமே ஆடம்பரம் என்று காட்டிவிட்டார். இதே பாரிஸ் 2016-ல் பாப் கிரஹாம் சுற்றை 15 மணி 24 நிமிடத்தில் ஓடியவர்.

கெசிக்குக்கே திரும்புவோம். 1982-ல் பில்லி பிளாண்ட் என்ற பாரோடேல் கல்தச்சர் 42 உச்சிகளையும் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். கிரஹாமுக்கு ஆன நேரத்தில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் மிச்சம். அதில் இன்னொரு முழு நாள் கல் கொத்தலாம். 36 வருடம் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு உச்சியிலும் சாட்சி. 2018 ஜூலையில் ஸ்பெயின்காரர் கிலியன் ஜோர்னெட் வந்தார். மலையோட்டத்தில் அவர் ஒரு சூப்பர் ஸ்டார். 12 மணி 52 நிமிடத்தில் மூட் ஹால் வாசலைத் தொட்டு, படியில் உட்கார்ந்தார். கைகொடுக்க அங்கே காத்திருந்த கூட்டத்தில் பில்லி பிளாண்டும் இருந்தார், தன் சாதனை போவதைத் தானே வந்து நின்று பார்த்துக்கொண்டு. சாட்சி சொல்ல அதைவிடத் தகுதியான ஆள் கிடைப்பாரா?

நான்கு வருடம் கழித்து, 2022-ல், ஜாக் குவென்சில் என்ற அமெரிக்கர் வந்து 12 மணி 23 நிமிடத்தில் முடித்தார். 29 நிமிடம் குறைவு. மலையோட்டக்காரர்கள் மத்தியில் பெரும் பரபரப்பு. மேலே கோபுரத்தில் அந்த ஒற்றை முள் மட்டும், எதுவும் நடக்காதது போல், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.